மண்டோர் தொப்பியும் பதினேழாவது கேள்வியும்

சுல்தானா: தொப்பியா? எந்தத் தொப்பி? சாப்பாட்டுக் கடையில வந்து தொப்பி கேக்குறியே கண்மணி, நான் என்ன தொப்பியா விக்கிறேன்?

கண்மணி: சும்மாதான் கேட்டேன்க்கா. மேல எங்க ஆபீஸ்ல காணோம். புதன்கெழம காலையில வரைக்கும் பாலா மேசையில இருந்துச்சு.

சுல்தானா: அந்த அழுக்குக் காக்கித் தொப்பியத்தான சொல்ற? அத எவன் எடுப்பான்? ஒக்காரு, தே போடச் சொல்றேன். கையில என்னா தாளு? பரீட்சையா?

கண்மணி: பரீட்சை மாதிரிதான். இருவத்திநாலு கேள்வி. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.

சுல்தானா: இப்பவே நாலு பத்து. ஒங்க ஆபீஸ்ல மேசை இல்லன்னா படியெறங்கி என் கடைக்கு வந்திருக்க?

கண்மணி: அங்க எல்லாரும் எட்டி எட்டிப் பாக்குறாங்கக்கா.

சுல்தானா: அடப்பாவமே. இங்க யாரு பாக்கப் போறா! நிம்மதியா எழுது... கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, வெளிச்சம் படல.

கண்மணி: அக்கா!

சுல்தானா: கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுலா. நீயே படி. கோலாலம்பூர்லேருந்து வந்திருக்காளே ஃபஹீமா, அவ குடுத்ததா?

கண்மணி: பேரு வரைக்கும் தெரியுமா ஒங்களுக்கு?

சுல்தானா: திங்கக்கெழம கறிபாப் வாங்க வந்தா. பேரு, ஊரு, அத்தா என்ன செய்றாரு, இன்னும் ஏன் நிக்காஹ் ஆகல... ரெண்டாவது கறிபாப் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிட்டா. தாளும் இல்ல, பேனாவும் இல்ல, நான் அவள அளந்து முடிச்சுட்டேன். அவ என்னத்த அளக்க வந்திருக்காளாம்?

கண்மணி: எங்க ஆபீஸ் பழக்கவழக்கத்த. சாஃப்ட்வேர் நல்லா வரணும்னா ஆபீஸ்ல அதுக்கேத்த பழக்கம் இருக்கணுமாம். தப்பத் தேடிப் புடிக்கிறோமா, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிக்கிறோமா, பெரியவங்க காது குடுத்துக் கேக்குறாங்களா... ஒண்ணொண்ணுக்கும் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் போடணும். அஞ்சுன்னா முழுக்க ஒத்துக்கறேன், ஒண்ணுன்னா அப்படி ஒண்ணுமே இல்ல.

சுல்தானா: வீட்டுக்கும் ஒரு தாளு இருந்தா வாங்கிட்டு வா. என் வீட்டுக்காரருக்கு நான் போடறேன் மார்க்கு.

கண்மணி: வெளையாட்டு இல்லக்கா. சராசரி நாலுக்கு மேல வந்தாத்தான் அவளோட கோலாலம்பூர் கம்பெனி எங்களுக்குப் பெரிய வேல குடுக்கும். எங்க போஸ் காலையிலயே சொல்லிட்டாரு, 'ரொம்ப யோசிக்காதீங்க, எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்கலா'ன்னு.

சுல்தானா: ஒங்க மொதலாளி கணேஸ்வரன் தம்பியா சொன்னாரு? அப்ப போட்டுட்டுப் போயேன். அஞ்சு எழுத எவ்ளோ நேரம்?

கண்மணி: பதினாறு வரைக்கும் போட்டுட்டேன்.

சுல்தானா: பதினேழு?

கண்மணி: 'எங்கள் அலுவலகத்தில் ஒருவர்...'

சுல்தானா: சத்தமாப் படி. வெங்காயம் வதங்குற சத்தத்துல கேக்கல.

கண்மணி: 'எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு தவற்றைக் கண்டால், அதைப் பயமின்றி உடனே சொல்ல முடியும்.'

சுல்தானா: ம்... பேரு எழுதணுமா?

கண்மணி: பேரு வேணாம். யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாதாம். எந்தப் பிரிவு, ஆணா பொண்ணா, எத்தன வருசம்... அவ்ளோதான்.

சுல்தானா: ஒங்க ஆபீஸே ஒம்போது பேரு. சோதிச்சுப் பாக்குற பிரிவுல எத்தன பேரு?

கண்மணி: நான் ஒருத்திதான்.

சுல்தானா: அப்ப அடையாளக் கார்டு நம்பரையும் எழுதி, ஓரத்துல ஒரு போட்டோவும் ஒட்டிக் குடு.

கண்மணி: அதத்தான் நானும் நெனச்சேன்.

சுல்தானா: என்னத்தக் கண்ட?

கண்மணி: என்னது?

சுல்தானா: ஏதோ தப்பக் கண்டிருக்க. மூணு நாளாப் பாக்குறேன், தே கிளாஸப் பாதியோட வச்சுட்டுப் போற. அஞ்சு வருசமா கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிற ஆளு நீ.

கண்மணி: சொன்னா வெளிய போகக்கூடாது.

சுல்தானா: என்னப் பத்தி இந்தத் தெருவுல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு.

கண்மணி: கேட்டுட்டேன். அதான் யோசிக்கிறேன்.

சுல்தானா: வாயி! சரி, நான் மூச்சு விட மாட்டேன். சொல்லு.

கண்மணி: மின்மினி பாக்கப் போற படகு இருக்குல்ல... ஆத்தோரப் படகுத்துறையில எங்க சாஃப்ட்வேர்லதான் எடம் போடறாங்க. போன மாசத்துலேருந்து. ஒரு படகுக்கு நாலு பேரு. நாலு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு டிக்கெட் கெடையாது.

சுல்தானா: ஆமா, மடியில வச்சுக்கிட்டுப் போறதுதான.

கண்மணி: டிக்கெட் இல்லாததால புள்ளையையே அது எண்ணல. நாலு பெரியவங்க, மடியில ரெண்டு புள்ளைங்கன்னாலும் நாலுன்னுதான் காட்டுது. லைஃப் ஜேக்கட்டும் நாலுதான் எடுத்து வைக்கச் சொல்லுது.

சுல்தானா: யா அல்லாஹ்... அதான் கையால...

கண்மணி: என்ன கையால?

சுல்தானா: ஒண்ணும் இல்ல, கையில எண்ணெ தெறிச்சிருச்சு. மேல சொல்லு.

கண்மணி: நாளைக்கு சனிக்கெழம. ஸ்கூல் லீவு வேற. எல்லாப் படகும் நெறஞ்சிருச்சு.

சுல்தானா: படகுத்துறையில டிக்கெட் குடுக்குற சிவானந்தம் அண்ணன் நேத்து இங்கதான் பரோட்டா சாப்டாரு.

கண்மணி: அப்படியா? என்ன... என்ன சொன்னாரு?

சுல்தானா: என்ன சொல்வாரு? சால்னாவுல காரம் தூக்கலுன்னாரு. ஏன் பதறுற?

கண்மணி: பதறலையே.

சுல்தானா: இத ஏன் போஸ்கிட்ட சொல்லல? ஒன் வேலையே தப்பக் கண்டுபுடிக்கிறதுதான?

கண்மணி: கண்டுபுடிக்கிறது வேலதான். சொல்றதுதான் சூசா, ரொம்பக் கஷ்டம். 'போஸ், ஒரு தப்பு இருக்கு'ன்னு நான் வாயத் தொறந்தா மொத வார்த்த என்ன வரும்? 'எங்க'ன்னு வராது. 'என்ன ஆச்சு'ன்னும் வராது. 'யாரு?' அதுதான் வரும். அப்புறம் தொப்பி.

சுல்தானா: அது அவரு வளந்த எடம் அப்படி. அவங்கப்பா செல்லையா, கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல மண்டோரு, மேஸ்திரி மாதிரி. முப்பது பேர மேய்ச்சவரு. பால் வெட்டும்போது மரத்துல காயம் பட்டா திட்ட மாட்டாராம், ஒரு வார்த்த பேச மாட்டாராம். தலையில இருக்கிற தொப்பியக் கழட்டி அந்த மரத்துல மாட்டிட்டுப் போயிருவாராம். அந்த நெரையில உள்ள அத்தன பேரும் வேலய நிறுத்திட்டு, யாரு மரம்னு பாக்கணும்.

கண்மணி: அதத்தான் போஸ் அதே தொப்பிய வச்சு ஆபீஸ்ல வெளையாட்டா ஆரம்பிச்சாரு. யாரு தப்போ அவங்க மேசையில தொப்பி. அடுத்த தப்பு வர்ற வரைக்கும் அங்கயே இருக்கும். எல்லாரும் சிரிப்போம்.

சுல்தானா: தொப்பி வாங்கினவன்?

கண்மணி: அவனும் சிரிக்கணும். பாலகிருஷ்ணன் மூணு வாரம் சிரிச்சாரு. நாலாவது வாரம் கடுதாசி எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அந்தத் தப்பக் கண்டுபுடிச்சுச் சொன்னது நான்தான்க்கா. அதுக்கப்புறம் தொப்பி நகரவே இல்ல. ஏழு மாசம் அந்த வெறும் மேசையிலயே கெடந்துச்சு. திங்கக்கெழம ஃபஹீமாகிட்ட போஸ் காட்டுறாரு, 'பாருங்க, ஏழு மாசமா ஒரு தப்பு கெடையாது'ன்னு.

சுல்தானா: நெசமாவே கெடையாதா?

கண்மணி: ஏன் இல்லாம? ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் சரி பண்ணிக்கிட்டு இருக்கோம்.

சுல்தானா: என் பரோட்டா மாஸ்டர் கதைதான். கல்லுல ஒண்ணு கருகிப்போச்சுன்னா, 'கருகிருச்சு'ன்னு கத்தணும். இவன் என்ன செய்வான், அடியில வச்சு மேல ரெண்டு நல்லதப் போட்டு மூடிக் குடுத்துருவான்.

கண்மணி: முன்ன கத்திக்கிட்டுதான இருந்தாரு? நீங்க கரண்டியால அடிச்சீங்களாம்.

சுல்தானா: பொய்! கரண்டியக் காட்டினேன், அவ்ளோதான்... அத விடு. இந்தத் தடவ தொப்பி யாரு மேசைக்குப் போவும்?

கண்மணி: வேணாம்க்கா.

சுல்தானா: சொல்லுலா. யாரு எதத் திருத்தினாலும் பேரும் தேதியும் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிரும்னு ஒங்க ஆபீஸ்ல வேல பாக்குற என் மவன் நஜீப் சொல்லியிருக்கான். பாத்திருப்பியே.

கண்மணி: தே ஆறிருச்சு.

சுல்தானா: ஆறட்டும். ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குற? கண்மணி... என் மவனா?

கண்மணி: அவன் பேருதான் இருக்கு. புதுசுக்கா அவன், எட்டு மாசந்தான ஆவுது. நான் பாத்து 'சரி'ன்னு விட்டிருக்கேன், என் மேலயும் தப்பு இருக்கு.

சுல்தானா: ரெண்டு நாளா தலவலின்னு சோறு எறங்கல அவனுக்கு. நான் மழையில நனஞ்சுட்டான்னு நெனச்சேன்... நீயும் அவனுக்காகத்தான் பொத்தி வச்சியா?

கண்மணி: பாலாவ ஒரு தடவ அனுப்பிட்டேன். இன்னொருத்தன அனுப்ப மனசு வரல.

சுல்தானா: சொல்லிரு.

கண்மணி: அக்கா?

சுல்தானா: போயி சொல்லிரு. தொப்பி வந்தா வரட்டும். எவளோ ஒருத்தி மடியில புள்ளய வச்சுக்கிட்டு இருட்டுல ஆத்துல போறா. எனக்கு நஜீப் மாதிரி அவளுக்கு அது. சனிக்கெழமக் கூட்டத்துல எவன் தலைய எண்ணிக்கிட்டு இருப்பான்?

கண்மணி: அவன் அழுவான்க்கா.

சுல்தானா: அழட்டும். நடக்கக் கத்துக்கிட்டப்ப விழுந்தும்தான் அழுதான்... இரு. என்னைக்கி எழுதினதுன்னு இருக்கு?

கண்மணி: போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம. மத்தியானம் ரெண்டு மணி.

சுல்தானா: ஞாயித்துக்கெழம... ரெண்டாவது... ஓ. ஓஹோ!

கண்மணி: என்னக்கா ஓஹோ?

சுல்தானா: ஒண்ணும் இல்ல. அங்க பாரு, ஒங்க போஸ் எறங்கி வராரு. என் பேச்சக் கேளு, இப்பவே சொல்லு. பயப்படாத. நான் சொல்றேன்ல, அவரு ஒண்ணும் கடிக்க மாட்டாரு.

கணேஸ்வரன்: அக்கா, ஒரு தே ஓ, பால் இல்லாம. சீனியும் வேணாம். கண்மணி, இங்கயா இருக்க? தாளக் குடுத்துட்டியா? ஃபஹீமா எண்ணிக்கிட்டு இருக்கா, ஒண்ணு கொறையுதாம்.

கண்மணி: இன்னும் இல்ல போஸ்.

சுல்தானா: ஒக்காருங்க தம்பி. அந்தப் புள்ள ஒங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

கண்மணி: போஸ்... படகு சாஃப்ட்வேர்ல ஒரு தப்பு இருக்கு.

கணேஸ்வரன்: யா...

கண்மணி: ...

கணேஸ்வரன்: ...எங்க?

கண்மணி: என்ன போஸ்?

கணேஸ்வரன்: எங்கன்னு கேட்டேன். எந்த எடத்துல?

சுல்தானா: 'யா'ன்னு ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சே.

கணேஸ்வரன்: நீங்க அந்தப் பக்கம்தானக்கா பாக்குறீங்க?

சுல்தானா: கண்ணத் திருப்பிட்டேன் தம்பி. காதத் திருப்ப முடியல.

கண்மணி: நாலு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்கள...

கணேஸ்வரன்: ...எண்ணல.

கண்மணி: தெரியுமா ஒங்களுக்கு?

கணேஸ்வரன்: நீ எப்பப் பாத்த?

கண்மணி: புதன்கெழம காலையில.

கணேஸ்வரன்: நான் புதன்கெழம மத்தியானம்.

கண்மணி: போஸ், எழுதினது யாரா இருந்தாலும் பாத்து விட்டது நான். தொப்பி வைக்கிறதா இருந்தா என் மேசையில வைங்க. நஜீப்...

கணேஸ்வரன்: நஜீப் இல்ல.

கண்மணி: அவன் பேருதான...

கணேஸ்வரன்: அன்னைக்கி ஞாயிறு. என் கம்ப்யூட்டர் படுத்துருச்சு. அவன் மேசையில ஒக்காந்து நான்தான் எழுதினேன். படகுத்துறையிலேருந்து போன் மேல போன், மறுநாள் தொடங்கணும்னு. புள்ளைங்களுக்கு ஃப்ரீன்னாங்க, அப்படியே எழுதித் தள்ளிட்டேன்.

சுல்தானா: அப்பவே நெனச்சேன்! அன்னைக்கித்தான் கெர்லிங்ல என் தங்கச்சி மவ தஸ்லிமா கல்யாணம்! காலையிலேருந்து என் மவன் பிரியாணிச் சட்டியத் தூக்கிக்கிட்டு...

கணேஸ்வரன்: அக்கா.

சுல்தானா: அந்தப் பக்கம் பாக்குறேன், அந்தப் பக்கம் பாக்குறேன். பாவம், தன் பேரு இருக்கறதப் பாத்துப் பயந்துல்ல போயிருக்கான் புள்ள.

கண்மணி: அப்ப ஏன் போஸ் நீங்க சொல்லல? நீங்கதான போஸ்? ஒங்கள யாரு கேக்கப் போறா?

கணேஸ்வரன்: சொல்லிரலாம்னுதான் எந்திரிச்சேன். பாலா மேசையில தொப்பி இருந்துச்சு. அத நானே எடுத்து, நானே என் மேசையில வைக்கணும். எட்டுப் பேரும் பாப்பீங்க. சிரிப்பீங்க... நானும் சிரிக்கணும். முடியல கண்மணி. மூணு வருசமா ஒங்களச் சிரிக்கச் சொல்லியிருக்கேன்.

கண்மணி: அதான் தொப்பியக் காணோமா? எங்க வச்சீங்க?

சுல்தானா: கொண்டாரவா தம்பி?

கண்மணி: அக்கா! தெரியாதுன்னு சொன்னீங்க!

சுல்தானா: எந்தத் தொப்பின்னுதான் கேட்டேன். தெரியாதுன்னு எங்க சொன்னேன்? அரிசி மூட்டைக்குப் பின்னால இருக்கு. 'ரெண்டு நாளைக்கு வச்சிருங்கக்கா, ஏன்னு கேக்காதீங்க'ன்னாரு. என்னப் போயி ஏன்னு கேக்காதன்னா... ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல!

கணேஸ்வரன்: அது அங்கயே கெடக்கட்டும்க்கா... எங்கப்பா ஒரு தடவ அந்தத் தொப்பிய எங்கம்மா மரத்துலயே மாட்டிட்டாரு.

சுல்தானா: வள்ளியம்மா மரத்துலயா? இது எனக்கே தெரியாதே!

கணேஸ்வரன்: அம்மா ஒண்ணும் பேசல. மறுநாள்லேருந்து கத்தி ஆழமாப் பட்டா, ஈர மண்ண எடுத்து மரத்துல பூசிருவாங்க. பாக்கறதுக்குப் பட்ட நல்லா இருக்கும். அவங்களப் பாத்து நெரை பூரா பூச ஆரம்பிச்சிட்டாங்க. அப்பா சாகற வரைக்கும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு, தன் நெரையில காயம் பட்ட மரமே கெடையாதுன்னு.

கண்மணி: அவருகிட்ட யாரும் சொல்லலையா?

கணேஸ்வரன்: நான்கூடச் சொல்லல. எனக்கு அப்ப பத்து வயசு. மண்ணு கொழச்சுக் குடுத்ததே நான்தான்... இந்தப் படகுத் தப்ப ரெண்டு ராத்திரியா ஒக்காந்து திருத்திட்டேன். ஆனா சோதிச்சுப் பாக்கணும்னா ஒன்கிட்டதான் வரணும்.

கண்மணி: வந்திருக்கலாம்ல?

கணேஸ்வரன்: நீ சொல்லியிருக்கலாம்ல?

கண்மணி: குடுங்க போஸ். ஆறு மணிக்குள்ள பாத்துடறேன். மடியில ஒண்ணு, மடியில ரெண்டு, ரெட்டப் புள்ளைங்க, நாளைக்கு நாலு வயசு ஆவப் போறது... எல்லாத்தையும் போட்டுப் பாக்கணும்.

கணேஸ்வரன்: நஜீப்பையும் சேத்துக்க. அவன்கிட்ட நான் பேசறேன். எல்லாரையும் கூப்புட்டே பேசறேன்.

சுல்தானா: மொதல்ல அவனுக்கு ஒரு பொட்டலம் சோறு கட்டித் தரேன், கொண்டு போங்க.

கணேஸ்வரன்: தாள முடிச்சிரு கண்மணி. அவ காத்துக்கிட்டிருக்கா.

கண்மணி: இதோ... பதினேழு... முடிஞ்சிருச்சு போஸ்.

கணேஸ்வரன்: ரெண்டா?

கண்மணி: காலையில கேட்டிருந்தா ஒண்ணு.

கணேஸ்வரன்: சராசரி எறங்கிரும்லா... மூணு போடக் கூடாதா?

கண்மணி: அடுத்த வருசம் பாப்போம் போஸ்.

கணேஸ்வரன்: சரி. பேனாவக் குடு. மொத ஆளா நான்தான் குடுத்தேன், எல்லாத்துக்கும் அஞ்சு போட்டு. என் தாளத் திருப்பி வாங்கணும்.

கண்மணி: போஸ்... இன்னைக்கி சாயங்காலப் படகு இருக்கே. நாம திருத்தி முடிக்கறதுக்குள்ள...

கணேஸ்வரன்: அதுக்குப் பயப்படாத. புதன்கெழமையே சிவானந்தம் அண்ணனுக்கு ஒரு போன்... சும்மா, பொதுவா...

கண்மணி: நீங்களுமா?

கணேஸ்வரன்: என்னது, நீயுமா?

சுல்தானா: நீங்க ரெண்டு பேரு மட்டுமா? நேத்து அவரு பரோட்டாவப் பிச்சுக்கிட்டே சொன்னாரு, புதன்கெழம ஒரே நாள்ல இந்த மாடியிலேருந்து மூணு போனாம். காலையில ஒரு பொண்ணு. மத்தியானம் ஒரு பெரிய மனுசன். சாயங்காலம் ஒரு பையன், குரல மாத்தி மலாய்ல பேசினானாம், நடுவுல நாலு தடவ மூக்க உறிஞ்சினானாம்... என் மவனேதான். மூணு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னீங்களாம், 'மடியில இருக்கிற புள்ளைங்களக் கையால எண்ணுங்க, எங்க ஆபீஸ்ல மட்டும் சொல்லிராதீங்க'ன்னு. அந்த மனுசன் என்னக் கேக்குறாரு, 'ஏம்மா சுல்தானா, மேல இருக்கறவங்க ஒரே ஆபீஸ்தான?'ன்னு.